ஒற்றைக் கொண்டைக் குஞ்சு

என் கல்யாணத்தன்று அப்பா என் கணவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் நாங்கள் இருவரும் அவர் காலில் விழுந்தோம். என் தலையில் மட்டும் கை வைத்தார். என் கணவர் குனிந்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். கை வராது என்று புரிந்ததும் நிமிர்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகத்தோடு நின்றார். அந்தச் சிரிப்பை அப்பா பார்க்கவில்லை. அப்பா பார்க்கவில்லை என்பது அவருக்கும் தெரியாது.

என் கணவருக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கோலாலம்பூரில் நான் தட்டச்சராக வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு முறை கேட்ட குரலை மறக்கவே மாட்டார். வெளியிலிருந்து யாராவது 'ஹலோ' என்று சொன்னாலே போதும், பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லிவிடுவார். அவருடைய குரலைக் காதில் கேட்டுக் கேட்டே நான் அவரைக் கட்டிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில் அது எங்கள் குடும்பத்தில் சின்ன விஷயம் இல்லை. அம்மா அழுது ஓய்ந்து ஒப்புக்கொண்டாள். அப்பா ஒப்புக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் என்னிடம் இல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குப் பொறக்கற புள்ளையும் அப்படியே பொறந்தா?"



அப்பா காப்பாரில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். முதுகுவலி வந்து வேலையை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தார். விற்பதற்காக இல்லை. லோரியிலிருந்து இறங்கிய மனுஷனுக்குக் காலையில் எழுந்தால் கவனிக்க ஏதாவது வேண்டியிருந்தது. முப்பது கோழிகள் இருக்கும். எல்லாம் கம்பத்துக் கோழிகள்தான், கிராமத்து நாட்டுக் கோழிகள்.

கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்து முதல் தடவையாகக் காப்பாருக்குப் போனோம். கோலாலம்பூரில் கிள்ளான் பஸ் ஏறி, கிள்ளானில் இறங்கி, காப்பார் பஸ்ஸுக்கு வெயிலில் நின்று, வீடு போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. அம்மா கோப்பி கலக்கிக் கொடுத்தாள். அப்பா, "வாங்க" என்றார். அது எங்கள் இருவருக்கும் பொதுவான வாங்க. பிறகு பின்பக்கம் போய்விட்டார்.

என் கணவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "கோழிச் சத்தம் கேக்குது. நான் போய்ப் பாக்கட்டுமா?" என்றார். எப்போதும் 'பார்க்கிறேன்' என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையை அவருக்காக மாற்றிச் சொல்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

நான் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனேன். அப்பா தீனித் தகரத்தோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டார். அந்தச் சத்தம் வந்த இடத்தை வைத்தே என் கணவர் நேராகப் போய் அதில் உட்கார்ந்தார்.

"மாமா, நான் உயிரோட ஒரு கோழியைத் தொட்டதே இல்ல. கறியாத்தான் தெரியும்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கைக்கு எட்டிய ஒரு சிவப்புப் பெட்டையைப் பிடித்து அவர் மடியில் வைத்தார். கோழி படபடத்தது. என் கணவர் அதை அழுத்திப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் இறக்கைமேல் சும்மா வைத்திருந்தார். கோழி அடங்கியது. அதற்குப் பிறகு அவர் வலது கை மட்டும் மெதுவாகக் கழுத்து வழியாக மேலே ஏறித் தலைக்கு வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டையில் நின்றன.

"ரம்பம் மாதிரி இருக்கு. அஞ்சு பல்லு. கடைசிப் பல்லு கொஞ்சம் ஒடஞ்சிருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். ஐந்துதான். கடைசிப் பல் உடைந்துதான் இருந்தது.

அப்பா அந்தக் கோழியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். என் கணவரின் விரல்கள் இந்த முறை தயங்கின. திரும்பத் திரும்ப அதே இடத்தில் நடந்தன.

"இது வேற, மாமா. இதுல ரம்பமே இல்ல. தாழ்வா, மூணு வரிசையா சின்னச் சின்ன உருண்டை. நடு வரிசை மட்டும் கொஞ்சம் ஒசரம். பட்டாணியைத் தோலோட தடவுன மாதிரி இருக்கு."

"எங்க?" என்றார் அப்பா. அவர் என் கணவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். கோழியின் தலையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். தன் விரலால் தடவினார். அந்தக் கோழியைக் குஞ்சிலிருந்து வளர்த்தவர் அவர். அதன் கொண்டை சின்னது என்று தெரியும். அதில் மூன்று வரிசை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாசற்படியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுத்தார். என் கணவர் ஒவ்வொன்றின் கொண்டையையும் தொட்டுச் சொன்னார். இது ரம்பம், பல் ஏழு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணை மறைக்கிறது. இது பட்டாணி. இதுவும் பட்டாணி, அதற்குத் தங்கச்சியாக இருக்கும். இதன் கொண்டை சூடாக, மெத்தென்று இருக்கிறது. இது சுருங்கி, குளிர்ந்து, மேலே மாவு பூத்தமாதிரி இருக்கிறது.

"அது முட்டை போட்டுக்கிட்டு இருக்கு" என்றார் அப்பா. "இது நிறுத்திடுச்சி. ரெண்டு வாரமாச்சி."

"அப்ப கொண்டையைத் தொட்டாலே தெரிஞ்சிடுமா மாமா?"

"நான் கண்ணால பாத்துச் சொல்வேன், நல்ல செவப்பா இருக்குன்னு. சூடு எனக்குத் தெரியாது லா."

கடைசியில் அப்பா ஒரு வேலை செய்தார். சத்தம் போடாமல், முதலில் கொடுத்த சிவப்புப் பெட்டையையே மறுபடி பிடித்து மடியில் வைத்தார். என் கணவரின் விரல் கொண்டைக்குப் போனது. ஒரு நொடிதான்.

"இது மொதல்ல குடுத்தது, மாமா."

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

கொஞ்ச நாளில் அப்பாவிடம் ஒரு சேவல் வந்தது. லோரி ஓட்டிய காலத்தில் பழக்கமான ஒரு சீனர் பக்கத்து ஊரான மேருவில் கோழிப் பண்ணை வைத்திருந்தார். அவர் கொடுத்தது. கறுப்புச் சேவல், வெயிலில் பச்சை அடிக்கும். நாங்கள் அடுத்த முறை போனபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அம்மாவிடம் கோப்பி கேட்பதற்கு முன்னாலேயே, "மாப்ளே, இங்க வாங்க. இதத் தொட்டுப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கொண்டை அகலமாக, தலையோடு ஒட்டிப் படுத்திருந்தது. மேலெல்லாம் சொரசொரவென்று சின்ன முனைகள். பின்பக்கம் ஒரே கூர்முனையாக நீண்டிருந்தது. என் கணவர் அந்த முனையைத் தடவித் தடவி ரசித்தார். "ரோஜாப்பூவைத் தலையில அமுக்கி வெச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆங்கிலத்திலும் அதற்கு ரோஜாக் கொண்டை என்றுதான் பெயர் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். மலாயில் மாமா என்பதுபோலப் பக்சிக் என்று கூப்பிடுவோம். அவருடைய சேவல் வாய்க்காலைத் தாண்டி வந்து சண்டை பிடிக்கும். அதனால் அப்பா புதுச் சேவலுக்குத் தனியாகக் கம்பிவலை அடித்து, மேலேயும் வலை போட்டு மூடி, பட்டாணிக் கொண்டைப் பெட்டைகள் மூன்றை அதோடு விட்டார்.

முதல் அடையில் பதினொரு குஞ்சு பொரித்தன. அவை ஒரு மாதக் குஞ்சுகளானபோது நாங்கள் போயிருந்தோம். அப்பா அவற்றை ஒரு கூடையில் எடுத்து வந்து என் கணவரின் முன்னால் வைத்தார்.

"எத்தன ரோஜா, எத்தன பட்டாணின்னு சொல்லுங்க மாப்ளே. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

என் கணவர் முதல் குஞ்சைத் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். பதினொன்றையும் தொட்டு முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மாமா, இதுல ரோஜாவும் இல்ல, பட்டாணியும் இல்ல."

"அப்பறம்?"

"புதுசா ஒண்ணு. பின்னால கூர்முனை இல்ல. வரிசையும் இல்ல. சுருக்கம் சுருக்கமா, குட்டியா மடிச்சி வெச்ச மாதிரி. பதினொண்ணும் ஒரே மாதிரி."

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பனுடையதும் இல்லாமல் ஆத்தாளுடையதும் இல்லாமல் ஒரு கொண்டை, அதுவும் பதினொரு தலையிலும் ஒன்றுபோல. யார் போய் அதைச் செய்தது? அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே, "சாமி பண்றதுக்கெல்லாம் கணக்குக் கேட்டா எப்படி?" என்றாள். எனக்கு அன்று அதுவே போதுமானதாக இருந்தது. என் கணவருக்குப் போதவில்லை. பஸ்ஸில் வரும்போது விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பதினொன்றில் நல்லதாக ஒரு சேவலையும் இரண்டு பெட்டைகளையும் அப்பா அதே வலைக்குள் வைத்துக்கொண்டார். மற்றவற்றையும், பழைய கறுப்புச் சேவலையும் பட்டாணிப் பெட்டைகளையும்கூட, வெளியே எடுத்துவிட்டார். அவை வளர்ந்து முட்டையிடும்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி.

அந்த நாட்களில் நான் நிறைய யோசிப்பேன், ஆனால் பேசமாட்டேன். என் கணவரும் பேசமாட்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டிருந்தோம். "வரலாம், வராமலும் போகலாம். உங்கள் மனைவியின் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ராத்திரி குழந்தை அசைந்தால் அவர் கையை எடுத்து வயிற்றில் வைப்பேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் அலுவலகத்தில் நான் ஏதோ கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் டெலிபோன் போர்டிலிருந்து எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு, என் மேசைக்கு வந்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் அப்படி எழுந்து வந்ததே இல்லை. 

"ஒங்கப்பா போன் பண்ணாரு."

"என்னாச்சி? அம்மாவுக்கா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஒன்னைக் கூப்புடவான்னு கேட்டேன். வேணாம் மாப்ளே, ஒங்ககிட்டதான் பேசணும்னாரு." அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "இந்தத் தடவை பதினாலு குஞ்சாம். அதுல ஒண்ணுக்கு ரம்பக் கொண்டையாம்."

அப்பா கடைப் போனிலிருந்து சொன்ன கதை இது. குஞ்சுகள் மூன்று வாரம் வளர்ந்ததும், இந்த முறை என் கணவரை எதிர்பார்க்காமல், தானே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்திருக்கிறார். சில சுருக்கக் கொண்டை. சில ரோஜா மாதிரி. சில பட்டாணி மாதிரி. பதினான்காவது குஞ்சின் தலையில் கத்தி விளிம்புபோல ஒற்றைக் கோடு. கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். குட்டிப் பற்களோடு ரம்பம்.

ரம்பக் கொண்டைச் சேவல் அந்தப் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது? பக்சிக்கிடம். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். உன் சேவல் என் வலையைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது, நான் ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததைக் கெடுத்துவிட்டது என்று. பக்சிக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். அப்புறம் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, இவர் நம்ம சேவலைத் தேடி வந்திருக்கிறார் என்றாராம். இரண்டு பேரும் சிரி சிரி என்று சிரித்திருக்கிறார்கள். அந்தச் சேவலை நோன்புப் பெருநாளுக்கே சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்களாம். அதில் ஒரு கிண்ணம் அப்பா வீட்டுக்கும் வந்திருக்கிறது. அது ஆகி நாலைந்து மாதம் இருக்கும்.

"நானும்தான் சாப்ட்டேன் மாப்ளே" என்றாராம் அப்பா போனில். "இப்ப சொல்லுங்க, வலையில ஒரு ஓட்டைகூட இல்ல. இது எங்கேர்ந்து வந்துச்சி?"

அப்பா தனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. லோரி ரிப்பேரானால்கூட யாரையும் கேட்காமல் தானே நாள் முழுக்க அடியில் படுத்துக் கிடப்பார்.

நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் பார்வையில்லாதவர் இருக்கும் வீடுகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட ஒரு சீன ஆசிரியை வாரத்துக்கு ஒரு முறை வருவார். இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுப்பவர். வழக்கமாகச் செய்தித்தாளோ கதைப் புத்தகமோதான் வாசிப்பார். அந்த வாரம் அவர் வந்து உட்கார்ந்ததும் என் கணவர் கோழிக் கதை முழுவதையும் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இதை நான் வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "ஒருமுறைகூடக் கோழியைத் தொட்டுப் பார்த்ததில்லை."

மறு வாரம் பாடப் புத்தகத்தோடு வந்தார். புத்தகத்தில் பதினாறு கட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. அதை எப்படி என் கணவருக்குக் காட்டுவது? அந்த அம்மா யோசித்துவிட்டு என்னிடம் போத்தல் மூடிகள் கேட்டார். வீட்டில் இருந்தது போதாமல் கீழேயிருந்த சாப்பாட்டுக் கடையில் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். பதினாறு மூடிகளை மேசைமேல் வைத்து, என் கணவரின் கையைப் பிடித்து அவற்றின்மேல் வைத்தார்.

ரோஜாக் கொண்டையை உண்டாக்குவது ஒன்று, பட்டாணிக் கொண்டையை உண்டாக்குவது இன்னொன்று என்றார். இரண்டும் ஒரே கோழிக்குள் சந்தித்தால், இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒன்று வருகிறது. அந்தச் சுருக்கக் கொண்டைக்கு வால்நட் கொண்டை என்று பெயர். ஆனால் அந்தப் பதினொரு குஞ்சும் வெளியே காட்டாத ஒன்றையும் உள்ளே வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால், பதினாறில் ஒன்பது வால்நட். அவர் ஒன்பது மூடிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். மூன்று ரோஜா. மூன்று பட்டாணி.

மேசையின் நடுவில் ஒரே ஒரு மூடி மீந்தது.

"இதற்கு ரோஜாவும் கிடைக்கவில்லை, பட்டாணியும் கிடைக்கவில்லை. இதுதான் ஒற்றைக் கொண்டை, நீங்கள் சொன்ன ரம்பம். அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருந்தது, இதில் வெளியே வந்துவிட்டது. எந்தச் சேவலும் வேலி தாண்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் கணக்காக இப்படியே வரும் என்றில்லை, நிறையக் குஞ்சு பொரித்தால் இதற்கு நெருங்கி வரும்."

என் கணவரின் விரல் அந்த ஒற்றை மூடியிலேயே நின்றது. அதைச் சுற்றிச் சுற்றித் தடவியது. அவருடைய அப்பா செந்தூலில் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா ஊசியில் நூல் கோத்து மற்றவர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். இரண்டு பேருக்கும் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அந்த அறையில் அன்று எனக்கு மயிர் சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. பின்கட்டில் மண்ணைக் கிளறித் திரியும் கோழிக்குள் இத்தனை ஒழுங்காக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, நாங்கள் அதைத் தீனி போட்டு விரட்டிக்கொண்டிருந்தோம் என்கிற மலைப்பு. என் வயிற்றுக்குள்ளும் யாரோ மூடிகளை ஒதுக்கி முடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா போன பிறகு என் கணவர் கேட்டார்: "வால்நட்டுன்னா எப்படி இருக்கும்?"

எனக்கும் தெரியாது. சீன மருந்துக் கடையில் விசாரித்து ஒரு பொட்டலம் வாங்கினோம். அவர் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, உடைத்து, உள்ளிருந்த பருப்பைத் தடவினார். சட்டென்று சிரித்தார். "ஐயோ, அதேதான்! மடிப்புகூட அதே மடிப்பு!"

அந்த ஞாயிற்றுக்கிழமையே காப்பாருக்குப் போனோம். எனக்குக் கால் வீங்கியிருந்தது. அம்மா திட்டினாள். "நெறமாசக்காரி இப்படியா பஸ்ல அலையறது?" அப்பா பதினான்கு குஞ்சுகளையும் கூடையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

என் கணவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பிரித்தார். எட்டு வால்நட். மூன்று பட்டாணி. இரண்டு ரோஜா. ஒன்று ஒற்றை. பிறகு மருந்துக்கடைப் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு பருப்பை அப்பாவின் கையில் கொடுத்தார். "கண்ணை மூடிக்கிட்டு இதையும் தொடுங்க, குஞ்சையும் தொடுங்க மாமா." அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். வெகு நேரம் திறக்கவே இல்லை.

ஆசிரியை சொன்னதையெல்லாம் என் கணவர் விளக்கினார். அவசரமே படவில்லை. அப்பா நடு நடுவே கேள்வி கேட்டார். கடைசியில் அந்த ஒற்றைக் கொண்டைக் குஞ்சைத் தூக்கித் தன் முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டார்.

"அப்ப இதோட அப்பன், ஆத்தா ரெண்டு பேருகிட்டயும் இது வெளியில இல்ல. உள்ளுக்குள்ள இருந்திருக்கு."

"ஆமா மாமா."

"ரெண்டுக்கும் தெரியாமயே."

"தெரியாமயே." என் கணவர் கூடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டார். "நான் வந்த மாதிரி, மாமா."

அப்பா குஞ்சைக் கீழே விட்டார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப புள்ளைக்கு?" என்றார் அப்பா. கல்யாணத்துக்கு முன்னால் சுவரிடம் கேட்ட அதே கேள்விதான். இந்த முறை யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டார்.

"தெரியல மாமா. இவ பக்கம் அது இல்லன்னா வராது. இருந்தா வரலாம். எனக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நெனப்புத்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். அப்படியே வந்தாலும் அந்தப் புள்ளைக்கு எப்படி நடக்கறது, எப்படிப் படிக்கறதுன்னு சொல்லிக்குடுக்க வீட்லயே ஆள் இருக்கு. எங்கப்பா அம்மாவுக்கு அது இல்ல. அவங்க தடுமாறிப் போய்ட்டாங்க."

அப்பா குஞ்சுகளைக் கூடைக்குள் எடுத்து வைத்தார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அன்று மாலை நாங்கள் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். வாய்க்கால் பலகையைத் தாண்டும் இடத்தில் என் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பலகையைத் தாண்டிய பிறகும் விடவில்லை.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் எதையும் சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு காப்பாரில் அம்மா வீட்டில் இருந்தேன். என் கணவர் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். அப்பா தினமும் காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து, தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டைக் குழந்தையின் முகத்துக்கு மேலே இடமும் வலமும் மெல்ல ஆட்டிப் பார்ப்பார். நான் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். குழந்தை எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஆறு வாரம் முடிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம், என் கணவர் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். அப்பா துண்டை ஆட்டினார். குழந்தையின் கண் துண்டோடு இடப்பக்கம் போனது. அப்பா நிறுத்தினார். கண்ணும் நின்றது. வலப்பக்கம் கொண்டுபோனார். கண் கூடவே வந்தது. மூன்று தடவை, நான்கு தடவை. 

"மாப்ளே" என்றார். 

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "பாக்குதா?" என்றார்.

"பாக்குதுங்க" என்றேன்.

அவர் குழந்தையின் பாதத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எங்கள் மகளுக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. அவளுக்குள் என்ன மறைந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. எனக்குள் இருப்பதும் எனக்குத் தெரியாது. அது தெரியாமலேயே இத்தனை பேர் உலகத்தில் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கோப்பி கொண்டுவந்தாள். அப்பா குழந்தையைத் தூக்கி என் கணவரின் மடியில் வைத்தார்.

"மாப்ளே, யாரு சாயல்னு சொல்லுங்க. இவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

அவர் விரல்கள் குழந்தையின் நெற்றியில் ஆரம்பித்து, புருவத்தில் நடந்து, மூக்கில் இறங்கின. "நெத்தி எங்கம்மாது. காது இவளோடது." மூக்கில் நின்றார். திரும்பத் திரும்பத் தொட்டார். "இந்த மூக்குத்தான் தெரியல. இது எங்க வீட்ல இல்ல. இவளுக்கும் இல்ல."

"பொடப்பா, நுனியில குழி விழுந்திருக்கா?" என்றார் அப்பா.

"ஆமா."

அப்பா பாயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். என் கணவரின் கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை என் கணவருக்கு அந்த முகம் தெரியாது. அவர் அவசரமில்லாமல் தொட்டார். நரைத்த மீசையை, கன்னத்துச் சுருக்கத்தை, வெயிலில் காய்ந்த நெற்றியை, ஈரமாக இருந்த கண் ஓரத்தை. கடைசியாக மூக்குக்கு வந்தார்.

"மாமா, ஒங்களோடதுதான்" என்றார்.

அப்பா கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.